செருகியே கிடக்கிற பென் டிரைவ் பேக்கப் இல்லை அக்கா

திருகோணமலை அலஸ்தோட்டத்தில ஹார்ட்வெயார் கடை வச்சிருக்கிற ஒரு அக்கா கேட்டிருக்கிறா: "பெயின்ட், பைப், அதோட கடலுக்குப் போற ஆக்களுக்கு கயிறு, வலைச் சாமானும் விக்கிறம். கடன் கணக்கெல்லாம் பில் போடுற அந்த ஒரு கம்ப்யூட்டரிலதான். போன கிழமை ஒரே நாளில ரெண்டு தரம் கரண்ட் போய் வந்து, பிறகு பில் சொஃப்ட்வெயார் திறக்கேல்ல. தம்பி ஒராள் வந்து சரியாக்கினார், ஆனா பென் டிரைவில இருந்த கொப்பி 11 நாள் பழசு, அந்த 11 நாள் கணக்கு போயிட்டுது. இப்ப ஒராள் புது கம்ப்யூட்டர் வாங்கு எண்டுறார், மற்றாள் கிளவுட்டுக்கு மாறு எண்டுறார். எதைச் செய்ய?"

அக்கா, இப்போதைக்கு ரெண்டும் வேண்டாம். புது கம்ப்யூட்டரும் கரண்ட் போனா நிக்கத்தான் போகுது, கிளவுட்டுக்கு, அதாவது கணக்கை இன்டர்நெட் வழியா வேற இடத்துக் கம்ப்யூட்டரில வைக்கிறதுக்கு, மாறினா இன்டர்நெட் போற அண்டைக்கு பில் போடேலாம நிப்பீங்கள். உங்கட பிரச்சினை மெஷின் பழசானது இல்லை, கொப்பி பழசானது.

முதல் கரண்ட். கரண்ட் போனா கொஞ்ச நேரம் தாங்குற யூபிஎஸ் இருக்கு எண்டும் எழுதியிருக்கிறீங்கள், பிறகு ஏன் கம்ப்யூட்டர் பொத்தெண்டு நிண்டது? அனேகமா அதின்ர பற்றரி செத்திருக்கும். உள்ளுக்க இருக்கிறது 12 வோல்ட் ஈய பற்றரி, ரெண்டு மூண்டு வருசம்தான் உழைக்கும், எங்கட திருகோணமலை வெக்கைக்கு அதிலும் குறைய. கடை பூட்டினாப் பிறகு சொஃப்ட்வெயாரை மூடிட்டு யூபிஎஸ்ஸின்ர பிளக்கைக் கழட்டிப் பாருங்கோ, அஞ்சு நிமிசம் தாங்காட்டி பற்றரியை மட்டும் மாத்தினா காணும், முழு யூபிஎஸ்ஸும் வாங்கத் தேவையில்லை. அதில கம்ப்யூட்டர், மொனிட்டர், ரவுட்டர் மட்டும் இருக்கட்டும். லேசர் பிரிண்டரையும் ஃபேனையும் அதில குத்தாதேங்கோ, லேசர் பிரிண்டர் சூடாகேக்க இழுக்கிற கரண்டுக்கு சின்ன யூபிஎஸ் அழும். யூபிஎஸ் தந்திருக்கிறது வியாபாரம் நடத்த இல்லை, ஒழுங்கா மூடிப்போட்டு எழும்பத்தான். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில குரங்கு ஒண்டு பட்டு நாடு முழுக்க இருட்டானது ஞாபகம்தானே, குரங்கு சொல்லிப்போட்டு வராது.

கரண்ட் போனா ஏன் கணக்கு பழுதாகுது எண்டா, டேட்டாபேஸ், அதாவது கணக்கெல்லாம் சேத்து வைக்கிற ஃபைல், எழுதிக்கொண்டிருக்கேக்க பாதியில நிண்டுபோறதுதான். நல்ல டேட்டாபேஸ் எழுத முதலே ஒரு குறிப்புப் போட்டு வச்சு, பிறகு அதைப் பாத்து தன்னைத்தானே திருத்திக்கொள்ளும், ஆனா சில ஹார்ட் டிஸ்க் தன்ர மெமரியில மட்டும் வச்சுக்கொண்டு "எழுதிட்டன்" எண்டு பொய் சொல்லும், அந்தப் பொய்யிலதான் மாட்டுப்படுறது.

இப்ப பேக்கப்புக்கு, அதாவது கணக்கின்ர கொப்பிக்கு, வாறன், இதிலதான் மினக்கெட வேணும். உங்கட பென் டிரைவ் நாள் முழுக்க கம்ப்யூட்டரிலயே செருகிக் கிடக்குது எண்டு எழுதினதைப் பாத்து எனக்கு பக்கெண்டுது. ரான்சம்வெயார் எண்ட வைரஸ் ஒண்டு வந்தா, கையில படுற எல்லா ஃபைலையும் பூட்டிப்போட்டு காசு கேக்கும், செருகிக் கிடக்கிற பென் டிரைவும் அதின்ர கைக்கு எட்டும். கடைக்காரரை விடுங்கோ, 2023 ஆகஸ்ட் கடைசியில இலங்கை அரசாங்க கிளவுட்டையே அது பிடிச்சு, மே 17 இலயிருந்து ஆகஸ்ட் 26 வரைக்குமான அரச மின்னஞ்சல்கள் போனது. ஏனெண்டா அந்தக் காலத்துக்கு கழட்டி வச்ச பேக்கப் இருக்கேல்ல.

ரெண்டு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கோ, ஒண்டில சிவப்பு டேப், மற்றதில நீல டேப் ஒட்டுங்கோ. ஒரு நாள் சிவப்பு, அடுத்த நாள் நீலம். கடை பூட்டேக்க செருகி, பேக்கப் எடுத்து, கழட்டி, வீட்டுக்குக் கொண்டுபோறது. எப்பவும் ஒண்டாவது கம்ப்யூட்டரில இருந்து கழண்டு வெளியில இருக்க வேணும். வீடு கடைக்குப் பின்வளவிலயே எண்டா அது வேற இடம் எண்டு கணக்கில எடுக்கேலாது. 2020 டிசம்பர் 2 இரவு புரவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில கரை ஏறினது, இனி ஒண்டு வந்தா கடையையும் பின்வளவையும் சேத்துத்தான் நனைக்கும். டவுனில ஓர்ஸ்ஹில் பக்கம் சொந்தக்காரர் இருந்தா கிழமைக்கு ஒருக்கா ஒரு டிஸ்க்கை அங்க மாத்தி வையுங்கோ. மூண்டாவது கொப்பிக்கு கூகுள் டிரைவில இலவசமா கிடைக்கிற 15 ஜிபி உங்களுக்குத் தாராளம், ஸிப் பண்ணி பாஸ்வேர்ட் போட்டு ஏத்துங்கோ, பாஸ்வேர்டை ஒரு கடதாசியில எழுதி வையுங்கோ. ஆனா தானா சிங்க் ஆகுற ஃபோல்டர் மட்டும் போதும் எண்டு நினைக்காதேங்கோ, இங்க பழுதானது அங்கயும் பழுதாத்தான் போய்ச் சேரும்.

இன்னொரு விசயம், இதில கனபேர் பிழை விடுறவை. சொஃப்ட்வெயார் ஓடிக்கொண்டிருக்கேக்க அதின்ர ஃபோல்டரை அப்பிடியே கொப்பி பண்ணுறது பேக்கப் இல்லை, ஒண்டு கொப்பியே ஆகாது, இல்லாட்டி அரைகுறையா ஆகும். சொஃப்ட்வெயாருக்குள்ளயே இருக்கிற பேக்கப் பட்டனைத்தான் அமத்த வேணும். கனக்க பில் சொஃப்ட்வெயார் மைக்ரோசொஃப்டின்ர இலவச டேட்டாபேஸ் எஸ்கியூஎல் சேர்வர் எக்ஸ்பிரஸில ஓடுது. அந்த இலவசப் பதிப்பில நேரத்துக்கு தானா பேக்கப் எடுக்கிற ஏஜென்ட் இல்லை, விண்டோஸின்ர டாஸ்க் ஷெடியூலரில போட்டுத் தரச் சொல்லி தம்பியிட்ட கேளுங்கோ, அவருக்கு அரை மணித்தியால வேலை.

எடுத்த பேக்கப் திறக்குதோ எண்டும் பாக்க வேணும். மாசத்துக்கு ஒருக்கா கடைசி பில் நம்பரையும் ஒரு கடன்காரரின்ர பாக்கியையும் கடதாசியில எழுதிட்டு, வேற லெப்டொப்பில டிஸ்க்கில இருக்கிறதைப் போட்டுப் பாருங்கோ. ரெண்டும் ஒத்து வந்தா சந்தோசம். 2017 இல கிட்லாப் எண்ட பெரிய மென்பொருள் கொம்பனியிலயே அஞ்சு விதமான பேக்கப் வழி வச்சிருந்தும், தேவைப்பட்ட இரவு ஒண்டும் ஒழுங்கா வேலை செய்யேல்ல.

மற்றதெல்லாம் சுருக்கமாச் சொல்லுறன். விண்டோஸ் 10 க்கான வழமையான சப்போர்ட் 2025 ஒக்டோபர் 14 ஓட முடிஞ்சுது, அடுத்து காசு சேரேக்க புது விண்டோஸுக்கு மாறுறதைப் பாருங்கோ. கிராக் சொஃப்ட்வெயார் அந்த மெஷினில வேண்டவே வேண்டாம், ரான்சம்வெயார் வாற வாசலில அதுவும் ஒண்டு. தூரத்தில இருந்து கம்ப்யூட்டரை இயக்க விடுற எனிடெஸ்க்கை எப்பவும் திறந்து விடாம, தம்பி கேட்டா மட்டும் திறவுங்கோ. பில் போடுற பிள்ளைக்கு அட்மின் இல்லாத தனி யூசர், ஃபேஸ்புக் அவவின்ர ஃபோனில. கம்ப்யூட்டரை நிலத்தில இருந்து ஒரு முழம் உயத்தி வையுங்கோ, உப்புக்காத்து வாற சன்னலுக்கு நேர வேண்டாம். சனிக்கிழமையில கடன் பட்டியலை ஒரு பிரிண்ட் எடுத்து லாச்சிக்குள்ள போடுங்கோ, கை பில் புத்தகம் ஒண்டும் பக்கத்தில கிடக்கட்டும்.

போன 11 நாளுக்கு என்ன செய்யிறது எண்டா, பழுதான ஃபைலை தம்பி அழிக்காம வச்சிருந்தா அதைத் தொடாம வேற டிஸ்க்கில எடுத்து வைக்கச் சொல்லுங்கோ, தெரிஞ்ச ஒராள் அதில இருந்து கொஞ்சம் மீட்டெடுக்கலாம். அதைவிட கெதியான வழி, கடனுக்குச் சாமான் கொண்டுபோனவையிட்ட இருக்கிற பில். மீன்பிடி வாடிக்குப் போய் ஒவ்வொண்டையும் ஃபோனில படம் எடுங்கோ, இந்தக் கிழமையே போங்கோ, வெயிலில கிடந்தா அந்த ரோல் பேப்பரில எழுத்து நிக்காது.