பதக்கம் வரவில்லை என்பதற்காக இராஜினாமாக் கேட்கலாமா?

கேள்வி: திருகோணமலையில் ஒரு தனியார் கல்லூரியில் விளையாட்டுத்துறைப் பணிப்பாளராக 4 வருடமும் 10 மாதமும் வேலை செய்கிறேன். சம்பளம் 90,000 ரூபா. இந்த வருடம் மாகாண மட்ட மெய்வல்லுநர் போட்டியில் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பதக்கமும் கிடைக்கவில்லை. "செயலாற்றுகை திருப்தியில்லை" என்று நிர்வாக சபை ஒரு வரிக் கடிதம் தந்திருக்கிறது. இரண்டு கிழமைக்குள் இராஜினாமாத் தராவிட்டால் நிறுத்திவிடுவோம் என்று செயலாளர் வாயால் சொல்கிறார். என்ன செய்வது? (வாசகர், உவர்மலை)

பதில்: இராஜினாமாக் கடிதம் கொடுக்காதீர்கள். வற்புறுத்தி எழுதி வாங்கினார்கள் என்று பிறகு, பணிநீக்க முறைப்பாடுகளை விசாரிக்கும் தொழில் நியாய சபையில் சொல்லலாம், அதை மறைமுகப் பணிநீக்கமாகச் சபை ஏற்கவும் கூடும். ஆனால் நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழுந்துவிடும். அவர்களே நிறுத்தினால், நிறுத்தியது நியாயம் என்று அவர்கள்தான் காட்ட வேண்டும்.

காசுக் கணக்கும் இருக்கிறது. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் பூர்த்தி செய்தவருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசியாகப் பெற்ற சம்பளத்தில் அரை மாதம் உரித்தாகும். உங்களுக்கு 45,000 வீதம் 5 வருடத்துக்கு 225,000 ரூபா. இன்று விலகினால் இரண்டு மாதக் குறைவால் அந்த உரிமை போய்விடும். கல்லூரி அவசரப்படுவது இதனால்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

இனி, உங்கள் செயலாற்றுகை. தொழில் நியாய சபை நீதியானதும் ஒப்புரவானதுமான கட்டளையையே இட வேண்டும். பதக்க எண்ணிக்கையோடு அது நின்றுவிடாது. இலக்கு இன்னதென்று முன்கூட்டியே எழுத்தில் சொன்னார்களா, குறையைச் சுட்டிக்காட்டித் திருத்த அவகாசம் தந்தார்களா, இலக்கை எட்டத் தேவையான பயிற்றுநரும் பணமும் மைதானமும் உங்கள் கையில் இருந்தனவா என்ற கேள்விகள் எழும். உங்கள் நியமனக் கடிதத்தோடு கடமைப் பட்டியல் இருந்தால் முதலில் அதை எடுத்துப் பாருங்கள். "பதக்கம்" என்ற சொல் அதில் இல்லையென்றால் உங்கள் பக்கம் பலமானது.

ஒரு பணிப்பாளரை நியாயமாக அளக்கக்கூடியவை வேறு: வருடத் திட்டம், பயிற்சி நேரசூசி, பயிற்றுநர்களின் வரவு, உபகரணப் பதிவேடு, பெற்றோர் சம்மதக் கடிதங்களும் மருத்துவச் சான்றிதழ்களும், போக்குவரத்து, முதலுதவி ஏற்பாடு, எடுத்த முற்பணத்துக்குக் கணக்குத் தீர்த்தமை. இங்கே உங்களை நீங்களே ஒளிவுமறைவின்றிச் சோதித்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத் திகதி தவறி ஒரு பிள்ளை ஓட முடியாமல் போயிருந்தால் அது உங்கள் குறைபாடு. ஓடிய பிள்ளை நாலாவதாக வந்தது உங்கள் குறைபாடு அல்ல. எங்கள் பக்கத்தில் மாரி மழைக்கு மைதானம் வெள்ளமாய்க் கிடந்து பயிற்சி நின்ற நாட்களையும் நாட்குறிப்பில் பார்த்துத் திகதியோடு எழுதி வையுங்கள்.

செயலாளர் தந்த தவணைக்கு முன், ஒரு கிழமைக்குள் பதில் எழுதுங்கள். கையில் ஒரு பிரதி கொடுத்து ஒப்பம் வாங்குங்கள், இன்னொன்றைப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். எந்தக் காலப்பகுதியை, எந்த அளவுகோலில், யார் மதிப்பிட்டார்கள் என்று கேளுங்கள். முன்னைய வருட மதிப்பீடுகளின் பிரதியையும் கேளுங்கள். செயலாளர் வாயால் சொன்னதை, சொன்ன திகதியோடும் நேரத்தோடும் அந்தக் கடிதத்திலேயே பதிந்துவிடுங்கள். மூன்று வருடத் தரவுகளை ஒரே தாளில் இணையுங்கள்: பங்குபற்றிய பிள்ளைகளின் தொகை, பயிற்சி நடந்த நாட்கள், நீங்கள் கேட்ட நிதி, கிடைத்த நிதி. இறுதியில், எழுத்திலான இலக்குகளுடன் 6 மாத அவகாசம் கேளுங்கள். பிள்ளைகளையோ பயிற்றுநர்களையோ குறை சொல்லி ஒரு வரியும் வேண்டாம். அது உங்கள் நிர்வாகத்துக்கு எதிராகவே வாசிக்கப்படும்.

பலர் செய்யும் பிழை ஒன்று, ஆதாரம் என்று நினைத்துப் பதிவேடுகளை வீட்டுக்குக் கொண்டுபோவது. அது ஒழுக்காற்றுக் குற்றச்சாட்டுக்கு வழி திறந்துவிடும். உங்களுக்கு வந்த கடிதங்களும் நீங்கள் எழுதியவற்றின் பிரதிகளும் போதும். மற்றது, கோபத்தில் வேலைக்குப் போகாமல் நிற்பது. தானாகவே பதவியை விட்டுப் போனார் என்பார்கள். தினமும் போய் வரவைப் பதியுங்கள். வாசலில் மறித்தால் அன்றே பொலிஸில் ஒரு முறைப்பாட்டுப் பதிவு போட்டு, நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலும் அனுப்புங்கள்.

நிறுத்திவிட்டால், கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 31ஆ பிரிவின் கீழ் 6 மாதத்துக்குள் தொழில் நியாய சபையில் விண்ணப்பிக்க வேண்டும். இன்னொரு வழியும் உண்டு. 15 பேருக்குக் குறையாத நிறுவனம், ஒழுக்காற்றுத் தண்டனையாக அல்லாமல் வேறு காரணத்துக்காக ஒருவரை நிறுத்துவதென்றால், அவரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும் என்கிறது 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம். "செயலாற்றுகை போதாது" என்பது ஒழுக்காற்றுக் காரணம் அல்ல என்பதால் இது உங்களுக்கு முக்கியம். அது உங்கள் கல்லூரிக்குப் பொருந்துமா என்பது கல்லூரியை நடத்துவது கம்பனியா வேறு அமைப்பா என்பதைப் பொறுத்தது. நியமனக் கடிதத்தோடு தொழில் திணைக்கள மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். ஆனால் அங்கே பதில் வரட்டும் என்று காத்திருந்து அந்த 6 மாதத்தைத் தவறவிடாதீர்கள்.

அரச பாடசாலை ஆசிரியர்களுக்கு இந்த வழி இல்லை. அவர்கள் மேன்முறையீட்டை உரிய பொதுச் சேவை ஆணைக்குழுவுக்கே கொண்டுபோக வேண்டும்.

பேசித் தீர்க்க நிர்வாகம் முன்வந்தால் போய்ப் பேசுங்கள். சேவைச் சான்றிதழின் வாசகம், பணிக்கொடைக்கு ஈடான தொகை, ஊழியர் சேமலாப நிதியத்துக்கு உங்கள் 8 வீதமும் அவர்களின் 12 வீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 3 வீதமும் கட்டி முடித்ததற்கான அத்தாட்சி ஆகிய மூன்றும் எழுத்தில் வரட்டும். பணம் வங்கியில் விழுந்த பிறகே ஒப்பம் வையுங்கள்.