புது ஆன்டிபயாடிக் வந்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? – கேள்வி பதில்

எந்த மருந்தும் கேட்காத மருத்துவமனைக் கிருமிகளுக்குப் புதிதாக வரும் ஆன்டிபயாடிக்குகளைப் பற்றி வந்த கேள்விகள் இவை. பாதிக்கு மேல் செஃபிடெரகால் என்ற புது மருந்தைப் பற்றியே இருந்ததால் அதையே பிடித்துக்கொண்டு போகிறேன். நான் நுண்ணுயிரியல் மருத்துவர். பகல் முழுக்க கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும்) தட்டுகளோடு இருப்பவன்.

சார், நான் பார்மசி மாணவி. செஃபிடெரகால், இப்போது புழக்கத்தில் உள்ள மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக்கைவிட "குறைந்ததல்ல" என்று ஆய்வு முடிவு வந்திருக்கிறது. அப்படியென்றால் அதைவிடச் சிறந்தது என்று வகுப்பில் சொல்லலாமா?

சொல்லாதேம்மா. மருத்துவமனை நிமோனியா ஆய்வில் 14ஆம் நாள் இறப்பு செஃபிடெரகால் பக்கம் 12.4 சதவீதம், மெரோபெனம் பக்கம் 11.6. வித்தியாசம் மிஞ்சிப்போனாலும் 12.5 புள்ளிக்குள் இருந்தால் போதும் என்று முன்கூட்டியே கோடு போட்டுவிட்டார்கள். அந்தக் கோட்டைத் தாண்டவில்லை, அவ்வளவுதான் செய்தி.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஒப்பிட்ட மருந்தே மெரோபெனம். அது கேட்காது என்று தெரிந்த நோயாளியை அந்த ஆய்வில் சேர்ப்பது நியாயமில்லை. ஆக, மெரோபெனம் கேட்காத கிருமிக்காக நாம் வாங்கப்போகும் மருந்தை, பெரும்பாலும் மெரோபெனம் கேட்கும் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். புது ஆன்டிபயாடிக் ஆய்வுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதே கதைதான். யாரைச் சேர்த்தார்கள் என்ற அட்டவணையை முடிவுக்கு முன்னால் படி.

அப்படியானால் எதிர்ப்புள்ள கிருமிகளிடமே சோதித்த ஆய்வு இல்லையா?

இருக்கிறது, அதுதான் தலைவலி. கார்பபெனம் (மெரோபெனம் சேர்ந்த மருந்துக் குடும்பம்) கேட்காத தொற்று உள்ள 152 பேரை எடுத்து, மூவரில் இருவருக்குச் செஃபிடெரகால், மற்றவருக்கு அந்த இடத்தில் கிடைக்கும் சிறந்த சிகிச்சை என்று பிரித்தார்கள். ஆய்வு முடியும்போது செஃபிடெரகால் பக்கம் இறப்பு 34 சதவீதம், எதிர்ப்பக்கம் 18. கூடுதல் இறப்பு பெரும்பாலும் அசினிட்டோபாக்டர் என்ற மருத்துவமனைக் கிருமி இருந்தவர்களிடம். அந்தக் கூட்டத்தில் செஃபிடெரகால் பக்கம் ஐசியூவிலும் ஷாக்கிலும் இருந்தவர்கள் அதிகம் என்பதும் உண்மை. முழு ஆய்விலும் எதிர்ப்பக்கம் இருந்தவர்கள் சுமார் ஐம்பது பேர்தான். ஆனால் "சின்ன ஆய்வு, தற்செயல்" என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்க மருந்துச் சீட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. அசினிட்டோபாக்டருக்கு மட்டும் இந்த மருந்தைத் தனியாக நம்ப நான் தயங்குவேன்.

அதே கிருமிக்கு சல்பாக்டம்-டர்லோபாக்டம் 2023இல் அனுமதி பெற்றது. கொலிஸ்டின் என்ற பழைய மருந்தோடு ஒப்பிட்டதில் 28 நாள் இறப்பு இதில் 19 சதவீதம், கொலிஸ்டினில் 32; கிட்னி பாதிப்பும் இதில் குறைவு. ஒரு கிருமிக்காகவே செய்த மருந்து, அந்தக் கிருமியிடமே சோதித்தது. படிக்கும்போதே நிம்மதியாக இருந்தது.

லேப் டெக்னீஷியன் கேட்கிறேன். செஃபிடெரகால் எம்ஐசி (கிருமி வளர்ச்சியை நிறுத்தத் தேவையான குறைந்தபட்ச மருந்து அளவு) ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வருகிறதே?

உங்கள் மேல் தவறில்லை. இந்த மருந்து இரும்பைப் பிடித்துக்கொண்டு, கிருமி இரும்பு இழுக்கும் வழியாகவே உள்ளே நுழைகிறது. பிராத்தில் (கிருமியை வளர்க்கும் திரவத்தில்) இரும்பு மிச்சமிருந்தால் கிருமி அந்த வழியைத் திறக்காது. அதனால் இரும்பு நீக்கிய பிராத்தில்தான் செய்ய வேண்டும். மருந்து வில்லையைத் தட்டில் வைத்து, சுற்றிலும் கிருமி வளராத வட்டத்தை அளக்கும் டிஸ்க் முறைக்குச் சாதாரண அகர் போதும். ஆனால் வட்டத்தை அளந்துவிட்டுத் தட்டை ஓரமாக வைத்துவிடாதீர்கள். வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். சுத்தமாகத் தெரியும் வட்டத்துக்குள் குண்டூசித் தலை அளவில் இரண்டு மூன்று காலனிகள் (கிருமிக் கூட்டங்கள்) உட்கார்ந்திருக்கும். அவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒருமுறை நானே கண்ணாடி போடாமல் "கேட்கும்" என்று எழுதி, சாயங்காலம் திருத்தி அனுப்பினேன்.

அகன்ற வீச்சு மருந்துதானே, ஆரம்பத்திலேயே போட்டுவிட்டால் என்ன?

எந்தப் பக்கம் அகலம்? செஃபிடெரகால் கிராம் பாசிட்டிவ் கிருமிகளுக்கும் காற்றில்லாமல் வளரும் கிருமிகளுக்கும் உதவாது. எம்ஆர்எஸ்ஏ என்ற கிராம் பாசிட்டிவ் கிருமியால் வரும் நிமோனியாவுக்கு இதைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் நாள்தான் போகும்.

சிறுநீர்த் தொற்றில் ஜெயித்த மருந்து நுரையீரலிலும் ஜெயிக்காதா?

ஓரிடத்தில் ஜெயித்தால் இன்னோரிடத்திலும் ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது. தோல் தொற்றில் ஜெயித்த டாப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக் நுரையீரலில் வழுக்கியது. நுரையீரலின் உட்புறத்தைப் பூசியிருக்கும் சர்ஃபாக்டன்ட் அதைப் பிடித்துச் செயலிழக்க வைத்துவிடும். டைகிசைக்ளின் என்ற இன்னொரு மருந்து ரத்தத்தில் மிகக் குறைந்த அளவே நிற்கும். வெண்டிலேட்டர் நிமோனியாவில் சோபிக்கவில்லை, 2013இல் இறப்பு பற்றிய கறுப்புப் பெட்டி எச்சரிக்கையும் (அமெரிக்க மருந்துச் சீட்டில் வரும் மிகக் கடுமையான எச்சரிக்கை) வாங்கியது. சிறுநீரில் பல மருந்துகள் குவிந்துகொள்ளும், அவற்றுக்கு அங்கே ஜெயிப்பது சுலபம்.

என்டிஎம் நொதி இருக்கிறது என்று ரிப்போர்ட். செஃப்டாசிடைம்-அவிபாக்டம் போடலாமா?

தனியாகக் கேட்காது. என்டிஎம் என்பது கார்பபெனங்களையும் உடைக்கும் கிருமி நொதி; நொதிகளைத் தடுக்கச் சேர்க்கும் அவிபாக்டம் அதைத் தடுக்காது. அஸ்ட்ரியோனாம் என்ற வேறொரு ஆன்டிபயாடிக் என்டிஎம்முக்கு அசையாது, ஆனால் கூடவே இருக்கும் வேறு நொதிகள் அதை உடைத்துவிடும். அவற்றை அவிபாக்டம் பார்த்துக்கொள்ளும். அதனால்தான் அஸ்ட்ரியோனாமையும் அவிபாக்டமையும் சேர்க்கிறார்கள். சேர்த்தே வரும் மருந்துக்கு 2025 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

டாக்டர், அப்பா ஐசியூவில் இருக்கிறார். சிறுநீர் கல்ச்சரில் பெரிய கிருமி வந்திருக்கிறதாம். புது மருந்து இருந்தும் போட மாட்டேன் என்கிறார்கள்.

உங்கள் பதற்றம் புரிகிறதுங்க. ஆனால் பல நாளாகப் போட்டிருக்கும் கதீட்டரிலிருந்து (சிறுநீர்க் குழாய்) எடுத்த கல்ச்சரில் கிருமி வருவது சாதாரணம். அது குடியிருக்கிறதா, நோய் உண்டாக்குகிறதா என்பதுதான் கேள்வி. காய்ச்சல் இருக்கிறதா, ரத்த அழுத்தம் இறங்குகிறதா, ரத்தக் கல்ச்சரில் அதே கிருமி வந்ததா என்று டாக்டரிடம் கேளுங்கள். மூன்றுக்கும் "இல்லை" என்றால், போடாமல் இருப்பதுதான் சிகிச்சையாகவும் இருக்கலாம்.