அண்ணன் சொல்ற 20% லாபம், எதுல 20%?

கேள்வி: அண்ணன் ஈரோட்டுல நைட்டி, லெக்கின்ஸ் மொத்தமா வாங்கி கடைகளுக்கு போடுறார். போன மாசம் 60,000 லாபம், 20%னு சொல்றார். 15% வட்டிக்கு 5 லட்சம் பர்சனல் லோன் எடுத்து குடுத்தா 5% மிச்சம்தானே? ஏற்கனவே அவருக்காக வளையலை வெச்சு 2 லட்சம் வாங்கி, வருஷாவருஷம் வட்டி மட்டும் கட்டி திருப்பி வெக்கிறேன். இல்லனா டிஜிட்டல் கோல்டு ஆப்ல போடலாமா?

பதில்: சகோதரி, அந்த 5% மிச்சம்ங்கறது கணக்கே இல்ல. 60,000 தான் 20%னா அடிப்படை 3 லட்சம், அது வரைக்கும் சரி, ஆனா அந்த 3 லட்சம் வாங்குன விலையா வித்த விலையா? வாங்குனதுன்னா 3.6 லட்சத்துக்கு வித்திருக்கார், வித்ததுன்னா 2.4 லட்சத்துக்குத்தான் வாங்கியிருக்கார், ரெண்டுலயும் லாபம் அதே 60,000 தான், ஆனா முதலுக்கு பாத்தா ஒண்ணு 20%, இன்னொண்ணு 25%. வாடகை, ஆள் கூலி கழிச்சாரா, விக்காம கெடக்குற சரக்கு எவ்ளோ, கடைக்காரங்க கடன் சொன்னது எவ்ளோ வசூலாச்சு, எதுவும் உங்க கடிதத்துல இல்ல. முக்கியமா, அந்த லாபத்துல உங்க பங்கு எவ்ளோன்னே இல்ல. அது இல்லாம உங்களுக்கு லாபமா நஷ்டமான்னு யாராலயும் போட முடியாது.

லோன் வட்டி வருஷத்துக்கு, அவர் 20% ஒரு மாச வியாபாரத்துக்கு, ரெண்டையும் எப்படிங்க கழிக்கிறது? 5 லட்சம், 3 வருஷம்னா மாசம் சுமார் 17,300 இஎம்ஐ, வட்டியே 1.24 லட்சம் போகும். ஜவுளி பணம் தீபாவளி, பொங்கலை ஒட்டி வரும், இஎம்ஐ அடுத்த மாசமே வந்து நிக்கும், அது உங்க சம்பளத்துலதான் போகும்.

உங்கள கெடுக்கறது வட்டி விகிதம் இல்ல, அண்ணன் ஒரு பர்சன்ட் சொன்னதும் கணக்கு கேக்காம கடன் வாங்கி குடுக்கற பழக்கம்தான். வளையல் பணத்துக்கு இன்னும் கணக்கு வரல, அதுக்குள்ள அடுத்ததா? கேட்டா மனசு கஷ்டப்படுவார்னு தயங்காதீங்க, மூணு மாச கொள்முதல் பில், ஜிஎஸ்டி பதிவு இருந்தா அந்த ரிட்டர்ன், வராத பாக்கி லிஸ்ட் கேளுங்க, வியாபாரம் பண்றவர்கிட்ட இதெல்லாம் இருக்கும்.

டிஜிட்டல் கோல்டா? வாங்குன உடனே 3% ஜிஎஸ்டி போகுது, பங்குச்சந்தையை கண்காணிக்கற செபி கட்டுப்பாட்டுலயும் அது இல்ல. சொந்த தங்கத்தை அடகுல வெச்சுட்டு ஆப்ல தங்கம் வாங்குறது வேண்டவே வேண்டாம். மாசம் 17,000 கட்ட முடியும்னா அதை வளையல் கடனுக்கு அசலோட கட்டுங்க, ஒரு வருஷம், மிஞ்சிப்போனா ஒண்ணு ரெண்டு மாசம் கூட, வளையல் கைக்கு வந்துரும்.