பொட்டு வட்டமாகத் தெரிகிறதா? டிவிடி கேள்வி-பதில்

கே: புது 32 இஞ்ச் டிவியில் பழைய டிவிடி பிளேயரை மாட்டினோம். எல்லாரும் குட்டையாக, குண்டாகத் தெரிகிறார்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வேறு. டிவி கோளாறா?

ப: டிவியில் ஒரு கோளாறும் இல்லை. பிளேயர் செட்டிங் 4:3 லெட்டர்பாக்ஸிலேயே இருக்கிறது, அதாவது பழைய ட்யூப் டிவி வடிவத்துக்கு (அகலம் 4, உயரம் 3) மேலும் கீழும் பட்டை போட்டு அனுப்புகிறது. ஸ்டாப் பட்டனை இரண்டு முறை அழுத்துங்கள். படம் ஓடும்போது பல பிளேயர்கள் இதை மாற்ற விடாது. செட்டப் மெனுவில் டிவி டிஸ்ப்ளேயை 16:9 (அகலத்திரை) ஆக்குங்கள். பிறகு டிவியிலும் 16:9 வையுங்கள். முதலில் பிளேயர், அப்புறம்தான் டிவி.

கே: 16:9 வைத்த பிறகும் சினிமாஸ்கோப் படத்தில் பட்டை போகவில்லையே?

ப: போகாது. உயரத்தை 1 என்று வைத்தால் சினிமாஸ்கோப்பின் அகலம் 2.35, உங்கள் டிவியின் அகலம் 1.78. திரை உயரத்தில் கால் பங்கு காலியாகத்தான் இருக்கும்.

கே: ஒரு டிஸ்க்கில் மட்டும் நாலு பக்கமும் பட்டை.

ப: அது அனமார்பிக் டிஸ்க் (அகலப் படத்தைப் பக்கவாட்டில் நெருக்கிப் பதிந்து, டிவியில் விரித்துக் காட்டுவது) அல்ல. பட்டையையும் படத்தோடு சேர்த்தே பதிந்துவிட்டார்கள். டிவியில் ஜூம் போடுங்கள். தெளிவு குறையும், டிஸ்க்கின் 480 கிடைக்கோடுகளில் ஸ்கோப் படத்துக்குக் கிடைப்பது 270 சொச்சம்தான். அனமார்பிக்காக இருந்தால் 360 கிடைத்திருக்கும்.

கே: படம் சரியாக வரவில்லை. என்ன செய்யலாம்?

ப: என்ன பிளேயர், எந்த வயர், எப்படிச் சரியில்லை என்று எதுவுமே எழுதாமல் கேட்டால் நான் என்ன சொல்வது? விவரத்தோடு எழுதுங்கள்.

கே: பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கும் எங்கள் கல்யாண டிவிடிக்கும் இரண்டு பக்கமும் பட்டை வருகிறது. டிவி மாட்ட வந்தவர் திரை முழுக்க வரும்படி இழுத்து வைத்துக் கொடுத்தார். அப்படியே விடலாமா?

ப: தயவுசெய்து விடாதீர்கள். தமிழில் சினிமாஸ்கோப் வந்ததே 1973இல், 'ராஜ ராஜ சோழன்' படத்தில்தான். அதற்கு முந்தைய படங்கள் கிட்டத்தட்ட 4:3 வடிவில்தான் இருக்கும். அதை 16:9க்கு இழுத்தால் ஒவ்வொரு முகமும் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிறது. என் அக்கா வீட்டிலும் மாட்ட வந்தவர் இதையே செய்துவிட்டுப் போனார். ஆறு மாதம் கழித்துப் போனபோது அவள் கல்யாண டிவிடி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா நெற்றியில் வைத்திருந்த பெரிய குங்குமப் பொட்டு முட்டை வடிவத்தில் கிடந்தது. அம்மா இப்போது இல்லை. அந்த முகம் அந்த டிஸ்க்கில் மட்டும்தான் அசைகிறது, அதையும் ஆறு மாதமாகத் தப்பாகவே பார்த்திருக்கிறார்கள். ரிமோட்டில் 4:3 அழுத்தினேன், பொட்டு வட்டமானது. அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. காசு கொடுத்த திரை காலியாகக் கிடக்கிறதே என்று நினைக்காதீர்கள். நெற்றிப் பொட்டு, கார் சக்கரம், நேராகக் காட்டிய கடிகாரம் என்று ஏதாவது ஒன்றைப் பாருங்கள். அது வட்டமாக இருந்தால் படம் சரி.

கே: ட்யூப் டிவியில் ஆட்கள் ஒல்லியாக, நெட்டையாக வருகிறார்கள்.

ப: பிளேயரை 4:3 லெட்டர்பாக்ஸுக்கு மாற்றுங்கள். பான் ஸ்கேன் வேண்டாம், அது படத்தின் இரண்டு பக்கத்தையும் வெட்டிவிடும், ஓரத்தில் நிற்பவர் காணாமல் போவார்.

கே: சப்டைட்டிலின் கடைசி வரி வெட்டுப்படுகிறது.

ப: டிவி ஜூமில் இருக்கிறது. எடுத்துவிடுங்கள். அப்படியும் வெட்டினால் டிவி மெனுவில் 'ஸ்கிரீன் ஃபிட்' அல்லது 'ஜஸ்ட் ஸ்கேன்' (ஓரத்தை வெட்டாமல் முழுப் படத்தையும் காட்டும் செட்டிங்) தேடிப் பாருங்கள். அதற்கு முன் பிளேயர் 16:9இல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.