வாசகர் கேள்வி – பதில்: விடை தெரியாத கணக்கில் பிழை பிடிப்பது எப்படி?

கேள்வி: எழுமாறான அறிவுறுத்தல்களைக் கொடுத்து முறைவழியாக்கியின் (புரொசெசர்) பிழைகளைக் கண்டுபிடிக்கும் 'ஃபஸ் சோதனை' பற்றி எங்கள் ஆசிரியர் சொன்னார். சரியான விடையே தெரியாதபோது, அது தந்த விடை பிழை என்று எப்படி அறிவது?
– உயர்தர மாணவி, புதுக்குடியிருப்பு

பதில்: இந்தத் துறையின் முடிச்சையே பிடித்துக் கேட்டிருக்கிறீர்கள், பிள்ளை. காலபோக அறுவடை முடிந்து, வீட்டில் நிறுத்துக் கட்டிய நெல் மூட்டைக்கு வியாபாரியின் தராசு வேறு நிறை காட்டினால், உண்மையான நிறை தெரியாமலே இரண்டில் ஒரு தராசு பிழை என்று சொல்லிவிடலாம். கூகிள் நிறுவனத்தின் ஆய்வாளர் ரவிஸ் ஓர்மன்டி முறைவழியாக்கியை அவ்வாறே நிறுத்துப் பார்த்தார். எழுமாறாக உருவாக்கிய சிறிய செய்நிரல் ஒன்றை ஓடவிட்டு, பின்பு அதே செய்நிரலில் ஒவ்வோர் அறிவுறுத்தலுக்கும் இடையில், முந்தியது முடியும்வரை அடுத்ததைத் தொடங்கவிடாத தடுப்பு அறிவுறுத்தல்களைச் செருகி மீண்டும் ஓடவிட்டார். இன்றைய முறைவழியாக்கிகள் வேகத்துக்காக வரிசையை மாற்றியும், செய்நிரல் அடுத்து எந்தக் கிளைவழியே போகும் என்று ஊகித்தும் வேலையை முந்திச் செய்கின்றன. ஊகம் பிழைத்தால், செய்ததை அழித்துவிட்டுத் திரும்புகின்றன. வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் முடிவில் பதிவகங்களில் (முறைவழியாக்கி தன் வேலைக்கான பெறுமானங்களை வைத்திருக்கும் சிற்றிடங்களில்) ஒரே பெறுமானங்களே இருக்க வேண்டும். அவை வேறுபட்டால், அங்கே தோண்டிப் பார்க்கலாம்.

எழுமாறு மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். 1994இல் கணிதப் பேராசிரியர் தோமஸ் நைஸ்லி இன்ரெல் நிறுவனத்தின் பென்ரியம் முறைவழியாக்கியில் கண்ட வகுத்தல் பிழையை எடுத்துக்கொள்ளுங்கள். 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும், அது 1.33373 என்றது. உள்ளே இருந்த அட்டவணையில் 5 பெறுமானங்கள் விடுபட்டதே காரணம். அப்பிழை ஏறத்தாழ 900 கோடி எழுமாறான வகுத்தல்களில் ஒருமுறைதான் தலைகாட்டும் என்று இன்ரெல் கணித்தது. ஆகவே தேடலுக்கு வழிகாட்டி வேண்டும். முறைவழியாக்கிக்குள் நடப்பவற்றை எண்ணும் செயல்திறன் எண்ணிகளை ஓர்மன்டி வழிகாட்டியாக்கி, புதிய நிகழ்வுகளைத் தூண்டிய செய்நிரல்களையே வைத்துக்கொண்டு மேலும் மாற்றிப் பார்த்தார். அவருடைய திறமை இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

2023 யூலையில் அவர் வெளியிட்ட 'ஸென்பிளீட்' பிழை இப்படி அகப்பட்டதுதான். ஏஎம்டி நிறுவனத்தின் ஸென் 2 என்னும் வடிவமைப்பைக் கொண்ட முறைவழியாக்கிகளில், ஒரு பதிவகத்தின் மேற்பாதியைப் பூச்சியமாக்கும் அறிவுறுத்தல், அப்பாதி 'பூச்சியம்' என்று குறியிட்டுவிட்டு அதன் இடத்தை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிடும். ஊகம் பிழைத்துத் திரும்பும்போது குறி அழிக்கப்படும். ஆனால் அந்த இடத்தில் அதற்குள் வேறொரு செய்நிரலின் தரவு வந்து அமர்ந்திருக்கலாம். கடவுச்சொற்களை ஒப்பிடும் சாதாரண வேலைகளும் இப்பதிவகங்களின் வழியே நடப்பதால், முறைவழியாக்கியின் ஒரு கருவிலிருந்து (கோர்) செக்கனுக்கு ஏறத்தாழ 30 கிலோபைற்று தரவு கசியக்கூடியதாக இருந்தது.

கேள்வி: பாவித்த மடிக்கணினிகளைத் திருத்தி விற்கிறேன். ஸென்பிளீட் பிழை உள்ளவற்றை விற்கலாமா?
– கணினித் திருத்துநர், பரந்தன்

பதில்: விற்கலாம், திருத்திய பின்பு. சிலிக்கனை மாற்ற முடியாது. ஆனால் நுண்குறிமுறை என்னும் உள் மென்பொருளைப் புதுப்பித்து இப்பிழையை அடைக்கலாம், அது பெரும்பாலும் பயொஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) புதுப்பிப்புடன் வரும். பெட்டியில் உள்ள இலக்கத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்: ஏஎம்டியின் ரைசன் 5500யு, 5700யு ஆகியவை ஸென் 2 வகை, இடையில் உள்ள 5600யு ஸென் 3 வகை. ஸென் 2 என்றால், அதன் பயொஸ் 2023 இறுதிக்கு முந்தியதா என்று பார்த்து, உற்பத்தியாளர் தரும் கடைசிப் பதிப்பை இடுங்கள். பற்றரியை முழுதாக ஏற்றி, மின்னிணைப்பையும் கொடுத்த பின்னரே தொடங்குங்கள். பாதியில் மின்சாரம் நின்றால் தாய்ப்பலகை எழும்பாமலே போய்விடலாம்.