ஊசியைப் போடுங்கள், படிவத்தை எச்.ஆருக்கு அனுப்பாதீர்கள்

கேள்வி: கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியில் வேலை செய்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒபிசிலேயே எங்களுக்கு ஃபுளூ ஊசி போடப் போகிறார்கள். செலவு கம்பனியுடையது. என்னென்ன வருத்தம் இருக்கிறது, கர்ப்பமா என்றெல்லாம் கேட்டு ஒரு படிவம் வந்திருக்கிறது. நிரப்பி எச்.ஆருக்கு ஈமெயில் பண்ண வேண்டுமாம். எனக்கு இது மூன்றாம் மாதம். வேலையிடத்தில் இன்னும் சொல்லவில்லை. இந்த நேரத்தில் ஊசியே வேண்டாம் என்கிறா மாமி. போன வருடம் போட்ட என் சிநேகிதிக்கு அடுத்த நாளே காய்ச்சல் வந்தது. மாமிக்குச் சீனி வருத்தம், மகளுக்கு 4 வயது. வீட்டாரையும் கூட்டி வரலாம், காசைச் சம்பளத்தில் கழிப்பார்களாம். எங்கள் மாடியில் தேத்தண்ணி போடும் அக்காவின் பெயர் மட்டும் பட்டியலில் இல்லை. அவ வேறு கம்பனி ஆள் என்கிறார்கள். நான் என்ன செய்ய?
– வெள்ளவத்தை வாசகி

பதில்:

அன்பின் தங்கைக்கு,

ஊசியைப் போடுங்கள். வெள்ளிக்கிழமைக்கு முதல், உங்களைப் பார்க்கும் டொக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அந்தப் படிவத்தை மட்டும் எச்.ஆருக்கு அனுப்ப வேண்டாம்.

தாதியாக இருந்த காலத்தில் இப்படியான ஒபிஸ் முகாம்கள் பலவற்றுக்குப் போயிருக்கிறேன். ஒரு இடத்தில் நடந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. கூட்டம் நடத்தும் அறையில் நீள மேசை போட்டிருந்தார்கள். நான் ஒரு முனையில் இருந்தேன். எனக்குப் பக்கத்திலேயே நிர்வாகப் பிரிவு உத்தியோகத்தர் ஒருவர் பட்டியலோடு இருந்து, வருகிறவர்களிடம் கேள்விகளைச் சத்தமாக வாசித்தார். "பிரஷர் இருக்கா? சீனி இருக்கா? பிள்ளைத்தாச்சியா?" கதவு வரை வரிசை நின்றது. ஒரு பிள்ளை, இருபத்தைந்து வயது இருக்கும், கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்றாள். சட்டைக் கையை மடித்துவிட்டபோது அவளுடைய கை நடுங்கியது. பஞ்சை வைத்து அழுத்தும்போது என் காதோடு, "மிஸ், உண்டாகியிருக்கிறன். போட்டது பிழையா?" என்று கேட்டாள். பிழையில்லை பிள்ளை, நல்லதுதான் நடந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். ஆனாலும் அந்தப் பயத்தோடு அவள் அந்தக் கதிரையில் இருந்த நிமிடங்கள் அநியாயமானவை. அதற்குப் பிறகு நான் போன இடங்களில், என் மேசையிலிருந்து பத்தடி தள்ளி வரிசையை நிறுத்தினால்தான் பெட்டியைத் திறப்பேன் என்று சொல்லத் தொடங்கினேன்.

அந்தக் கேள்விகள் தேவையானவை. போடுகிறவருக்குத் தெரிய வேண்டும். முன்பு ஃபுளூ ஊசிக்கு மூச்சுத்திணறும் அளவுக்கு ஒவ்வாமை வந்ததா, ஊசி போட்டு 6 வாரத்துக்குள் கை கால் பலமிழக்கும் கியான்-பாரே வருத்தம் வந்ததா, இன்றைக்குக் காய்ச்சலா என்பதையெல்லாம் கேட்காமல் போடுகிறவர் கவனமில்லாதவர். ஆனால் கேட்க வேண்டியவர் ஊசி போடுகிறவர். எச்.ஆருக்குத் தேவை உங்கள் பெயரும், வருகிறீர்களா இல்லையா என்பதும் மட்டும்தான். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தகவலை விசேட வகைத் தரவாகத்தான், அதாவது கூடுதல் கவனத்தோடு கையாள வேண்டியதாகத்தான், பார்க்கிறது. ஆகவே, "பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். உடல்நல விபரங்களை ஊசி போடும் தாதியிடம் நேரில் சொல்கிறேன்" என்று இரண்டு வரியில் பதில் அனுப்புங்கள். காரணம் எழுதத் தேவையில்லை. பலர் இதையே கேட்டால் படிவத்தை மாற்றிவிடுவார்கள். சிநேகிதிகளிடமும் சொல்லுங்கள், நீங்கள் தனித்துத் தெரியமாட்டீர்கள். கர்ப்பத்தை எப்போது சொல்வது என்பது உங்களுடைய விருப்பம். சொல்லும் நாளில் பயப்படவும் வேண்டாம். பிள்ளைப்பேற்றுக்கு 84 நாள் லீவு சட்டப்படி உங்களுடையது. கர்ப்பம் என்பதற்காக வேலையிலிருந்து நிறுத்தவும் முடியாது.

தாதியிடம் மட்டும் எதையும் மறைக்காதீர்கள். மூன்றாம் மாதம் என்று மெதுவாகச் சொன்னால் போதும்.

இனி மாமியின் பயம். அவவைக் குறை சொல்ல மாட்டேன், மருமகள் மேல் உள்ள அக்கறைதான் அது. ஒன்றை மட்டும் நினைவுபடுத்துங்கள். அவவும் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது கிளினிக்கில் ஏற்பு ஊசி போட்டிருப்பா. இதுவும் அப்படித்தான். முகாம்களில் கையில் போடும் ஃபுளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம். உலக சுகாதார ஸ்தாபனம் 2012இல் இந்த ஊசிக்கு முதலிடம் கொடுக்க வேண்டியவர்கள் என்று சொன்னதே கர்ப்பிணிகளைத்தான். வயிற்றில் பிள்ளை வளர வளர நுரையீரலுக்கும் இதயத்துக்கும் வேலை கூடும். அந்த நேரத்தில் இன்ஃபுளுவென்சா வந்தால் சாதாரணத் தடிமன்போல் வந்து போகாது, நியூமோனியாவில் கொண்டுபோய் விடக்கூடும். இன்னொன்றும் இருக்கிறது. பிறந்து 6 மாதம் வரை குழந்தைக்கு இந்த ஊசியைப் போட முடியாது. தாய் கர்ப்பத்தில் போட்டால், அவளுடைய உடம்பில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி பிள்ளைக்கும் போகும். அந்த முதல் மாதங்களில் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய காப்பு அதுதான்.

சிநேகிதியின் காய்ச்சலுக்கு வருவோம். ஊசி போட்ட இடம் நோகும், சிலருக்கு ஒரு நாள் இரண்டு நாள் மெல்லிய காய்ச்சலும் உடம்பு உளைவும் இருக்கும். உயிருள்ள வைரஸ் இல்லாத ஊசி ஃபுளூவைக் கொண்டுவராது. ஊசி வேலை செய்ய 2 வாரம் அளவில் பிடிக்கும். அதற்கிடையில் பஸ்ஸில் பக்கத்தில் இருமியவரிடமிருந்து தொற்றினால், அந்தப் பழியும் ஊசிக்குத்தான் போகிறது. தடிமனைக் கொண்டுவரும் மற்ற வைரஸ்களுக்கும் இது கேட்காது. வைரஸ் வகைகளோடு நன்றாகப் பொருந்திய வருடத்தில்கூட, டொக்டரிடம் போகும் அளவுக்கு ஃபுளூ வருவதை 40 முதல் 60 சதவீதம் வரைதான் குறைக்கும். அது போதாது என்று சிலர் சொல்வார்கள். வார்டில் இரவு டியூட்டி பார்த்த எனக்கு அது பெரிய விஷயம். ஊசியை மீறி வந்தாலும் பலருக்குக் கடுமை குறைகிறது.

ஆனால் நாங்கள் கொழும்பில் இருக்கிறோம், இங்கே எந்தக் காய்ச்சலையும் "ஊசிக் காய்ச்சல்" என்று தள்ளிவிட முடியாது. டெங்கு உண்டு. காய்ச்சல் வந்தால் பனடோல் மட்டும் எடுங்கள். இபுப்ரோஃபன், டைக்குளோஃபெனக், அஸ்பிரின் போன்ற நோவு மாத்திரைகள் பக்கம் போக வேண்டாம். சிநேகிதி போன்றவர்கள் இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றால் இரத்தம் சோதிக்க வேண்டும். நீங்கள் கர்ப்பிணி, வீட்டில் நாள் எண்ணிக்கொண்டு இருக்கக் கூடாது, காய்ச்சல் என்றால் அன்றைக்கே டொக்டரிடம் போங்கள்.

இலங்கையில் ஃபுளூ பொதுவாக வருடத்தில் இரண்டு தரம் கூடும், ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒன்று, நவம்பர் முதல் ஜனவரி வரை இன்னொன்று. வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் ஊசியில் எந்த வகைகளைச் சேர்ப்பது என்று வருடத்துக்கு இரண்டு தடவை, பெப்ரவரியிலும் செப்டெம்பரிலும், உலக சுகாதார ஸ்தாபனம் பரிந்துரைக்கிறது. போன வருடம் போட்டது இந்த வருடத்துக்குப் போதாமல் போவது அதனாலும்தான்.

மாமியைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். சீனி வருத்தக்காரருக்கு ஃபுளூ வந்தால் சீனியும் கட்டுக்குள் நிற்காது, நெஞ்சுச்சளியும் இலகுவில் விடாது. அரசாங்கத்தின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை, வெளியே தனியார் ஆஸ்பத்திரியில் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். ஆகவே ஒபிஸ் விலையை வெளி விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து, சம்பளத்தில் கழிக்கச் சம்மதிப்பதா என்று முடிவெடுங்கள். மகளை ஒபிசுக்குக் கொண்டுபோக வேண்டாம், பிள்ளைகளுக்கான டொக்டரிடம் காட்டுங்கள். 9 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முதல் தடவை என்றால், 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி தேவைப்படும்.

போடும் நாளில் தாராளமான சட்டைக் கையோடு போங்கள். ஊசி வந்த பெட்டியில் வெப்பமானி இருக்கிறதா என்று பாருங்கள், 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் நிற்க வேண்டும். கேட்டால் கோபிக்க மாட்டார்கள், கவனமான தாதி சந்தோஷமாகக் காட்டுவாள். போட்டதும் எழும்பி ஓடாமல் 15 நிமிடம் இருங்கள்.

கடைசியாக அந்தத் தேத்தண்ணி அக்கா. உங்கள் கடிதத்தில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது அந்த வரிதான்.

இன்னொரு முகாமில் எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த அம்மா ஒருவர், கோப்பையை வைத்துவிட்டுப் போகாமல் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அரைச் சிங்களமும் அரைத் தமிழுமாக, "மிஸ், அந்த ஊசி வெளியில எவ்வளவு?" என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டிவிட்டுக் கோப்பைகளை அடுக்கினார். அன்றைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வராத 3 பேரின் ஊசி பெட்டியில் இருந்தது. பட்டியலில் இல்லாதவருக்குப் போட எனக்கு அனுமதி இல்லை. மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அனுமதி கேட்டு ஒரு கோல் எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. இன்றைக்கும் அது எனக்கு மனவருத்தம்.

உங்கள் அக்காவும் வாசலில் நிற்கும் செக்கியூரிட்டி ஐயாவும் மாடியில் எல்லாரோடும்தான் மூச்சு விடுகிறார்கள். வருத்தம் வந்தால் லீவு எடுக்கவும் அவர்களுக்குத்தான் கஷ்டம், ஒரு நாள் வராவிட்டால் அந்த நாள் சம்பளம் போய்விடும் என்று இருமிக்கொண்டே வருவார்கள். ஆகவே எச்.ஆரிடம் கேளுங்கள். கேட்பது பிழையில்லை. "வெளிக் கம்பனி ஆட்கள் எத்தனை பேர், அவர்களுக்கும் சேர்த்து ஊசி எடுக்கலாமா, செலவை அவர்களுடைய கம்பனியோடு பகிர முடியுமா" என்று எழுதுங்கள். தனியே எழுதத் தயக்கம் என்றால் உங்கள் பிரிவில் நாலு பேரின் பெயரைச் சேர்த்து அனுப்புங்கள். முடியாது என்று பதில் வந்தால், அந்த நாலு பேருமே காசு சேர்த்து அக்காவின் பெயரை வீட்டார் பட்டியலில் போட விடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு முதல் அக்காவிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். அவவுக்கு விருப்பமா, ஒவ்வாமை ஏதும் உண்டா என்று அவவே சொல்லட்டும்.

இதை இந்தக் கிழமை தொடக்கத்திலேயே செய்யுங்கள். ஆஸ்பத்திரியில் பட்டியலைப் பார்த்து எண்ணித்தான் ஊசியைப் பெட்டியில் வைப்பார்கள். வெள்ளிக்கிழமை காலையில் கேட்டால் அக்காவுக்கு ஊசி இருக்காது.