ஊசி அடித்த அத்தியாயம்

வணக்கம் ஐயா,

சிறுவர்களுக்காக நீங்கள் எழுதிய காலப்பயணத் தொடரை என் பதினொரு வயது மகன் ஊண் உறக்கம் மறந்து வாசிக்கிறான். ஐந்தாம் பாகத்தை அவனுக்கு முன் நான் வாசித்தேன். வள்ளியம்மையை 1905ஆம் ஆண்டிலேயே விட்டுவிட்டுப் பையன் தனியாகத் திரும்புவதை என்னாலேயே தாங்க முடியவில்லை. மகனின் அப்பா சென்ற வருடம்தான் கட்டாருக்குப் போனார். ஆகவே கடைசி அத்தியாயத்தை ஸ்டேப்ளர் அடித்து மூடிவிட்டு, அச்சுப் பிழை என்று சொல்லிவைத்திருக்கிறேன். அடுத்த பதிப்பில் முடிவை மாற்றுவீர்களா? இன்னொன்று: யாழ்ப்பாணத்தை ஆண்ட சங்கிலி மன்னன் காலத்துக்குப் போகத் தெரிந்தவர்கள் 1981க்குப் போய் யாழ்ப்பாண நூலகத்தை எரியாமல் ஏன் காப்பாற்றவில்லை என்று மகன் கேட்கிறான்.

ஒரு தாய், கொண்டாவில்

அன்புள்ள சகோதரிக்கு,

நூலகக் கேள்வியை ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் கேட்டுவிட்டார்கள். தொண்ணூற்றேழாயிரம் புத்தகங்களை இரண்டு சிறுவர்கள் சாரத்தில் முடிந்து தூக்கிவர முடியாது என்று சொல்லுங்கள். முதல் பாகத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் விதிகள் இருக்கின்றன, திரும்ப வாசிக்கட்டும்.

உங்கள் ஸ்டேப்ளருக்கு வருகிறேன். உண்மையில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு கட்டார் என்ற சொல்லைத் திரும்பப் பார்த்தேன், கோபம் பாதியாகிவிட்டது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

எனக்கும் அப்போது பதினொரு வயது. இந்தியாவிலிருந்து வரும் ஒரு சிறுவர் இதழில், பாழ்கிணற்றுக்குள் இறங்கிப் பழைய காலத்துக்குப் போகும் பையனின் கதை தொடராக வந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து வைப்போம். 1990 ஜூனில் சண்டை மீண்டும் தொடங்கியது. ரயில் நின்றது, இதழும் நின்றது. கதை முடிய இன்னும் ஓர் இதழ்தான் பாக்கி.

மின்சாரமும் இல்லை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கு. அதன் முன்னால் இருந்து அக்கா எனக்கு ஒவ்வொரு இரவும் ஒரு முடிவு சொல்வாள். ஒருநாள் பையன் கிணற்றுக் கயிற்றைப் பிடித்து ஏறி வருவான். மறுநாள் ஆமையின் முதுகில் வருவான். எப்படியும் வந்துவிடுவான், அம்மா புட்டு அவித்து வைத்திருப்பாள். புட்டு மட்டும் எந்த முடிவிலும் மாறாது. எங்கள் வீட்டில் அப்போது மாவுக்குத் தட்டுப்பாடு.

என் நாற்பதாவது வயதில், அக்கா கனடாவிலிருந்து தொலைபேசியில் பேசும்போது, அந்தக் கதை என்னதான் ஆகியிருக்கும் என்று கேட்டேன். அவள் சிரித்தாள். "அது எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். வவுனியாவிலிருந்து கிளாலிக் கடலைக் கடந்து வந்த அயல்வீட்டு மாமா பால்மாவோடு அந்த இதழையும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பையன் திரும்பி வரவில்லையாம். அம்மா கிணற்றடியில் காத்திருப்பதோடு கதை முடிகிறதாம். நான் அழுவேன் என்று அடுப்பில் போட்டுவிட்டாள்.

நரை விழுந்த பிறகு ஒரு சிறுவர் கதைக்காக அக்காவுடன் மூன்று நாள் பேசாமல் இருந்தேன். சிரிக்காதீர்கள். அவளுக்கு அப்போது பதினான்கு வயது. எனக்குத் தெரியாமல் அந்த முடிவைத் தனியே சுமந்துகொண்டு, தினமும் இரவில் புட்டு அவித்திருக்கிறாள். அவளோடு சேர்ந்து அழ என்னை விடவில்லையே என்பதுதான் என் கோபம். நீங்களும் அந்த அத்தியாயத்தை வாசித்துவிட்டு அடுக்களையில் தனியாகத்தானே அழுதிருப்பீர்கள்?

எச்.ஜி. வெல்ஸ் 1895இல் எழுதிய கால இயந்திரத்திலும் பயணி திரும்பி வருவதில்லை. நண்பர் கையில் மிஞ்சுவது வாடிய இரண்டு வெள்ளைப் பூக்கள். என் கதையில் அதுகூட இல்லை. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிக்குப் போய், கூரையில்லாமல் நின்ற யாழ்ப்பாண நிலையத்தின் உடைந்த டிக்கெட் ஜன்னலில்தான் என் பிள்ளைகள் காலத்துக்கு டிக்கெட் எடுத்தார்கள். 2014 அக்டோபர் 13ஆம் தேதி யாழ்தேவி ரயில் திரும்ப வந்தது. நிலையம் புதிதாகிவிட்டது. பையன் ஓடிப்போய்ப் புது ஜன்னலில் கை நீட்டுகிறான்: "தம்பி, கொழும்புக்கோ?" ஊரே மகிழ்ந்து நிற்கும் மேடையில் அவன் ஒருவன் மட்டும் அழுகிறான். அதை எப்படி மாற்றச் சொல்கிறீர்கள்? ரயிலைத் திருப்பி அனுப்பவா?

உங்கள் மகன் விமான நிலையத்தில் அப்பாவுக்குக் கை காட்டியவன். அவனுக்கு அச்சுப் பிழை என்று கதை சொல்கிறீர்கள்! நம்பியிருக்கவே மாட்டான். இந்நேரம் தாள்களின் இடுக்கால் எட்டிப் பார்த்திருப்பான்.

ஊசிகளை நகத்தால் இழுக்காதீர்கள், தாள் கிழியும். கத்தி முனையால் பின்பக்கம் நிமிர்த்துங்கள். அந்த அத்தியாயத்தின் இரண்டாம் பக்கத்தில் மெய்யாகவே ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது. அவன் கண்டுபிடித்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள்.